விண்மீன் தவளையும் மலைநாட்டுக் காடும்

மலைநாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும், பெருவீதியையும் புகையிரதப் பாதையையும், தேசாதிபதிகளையும் தோட்டத்துரைமாரையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அக்காலத்தில் வெட்டுண்ட காடு அவ்வேடுகளிலே ஏக்கர்க் கணக்காக மட்டுமே இடம்பெறுகின்றது. அக்காட்டினுள் வாழ்ந்தவை எவை, அவற்றுக்கு யாது நேர்ந்தது என்னும் வினாவை வரலாற்றாசிரியர் எழுப்பியது அரிது. அது விலங்கியலாருக்குரியதென ஒதுக்கிவிட்டனர். ஆயின் ஓர் உயிர் எப்பொழுது கண்டறியப்பட்டது, எப்பொழுது அழிந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டது, அத்தீர்ப்பு எச்சான்றின்மேல் எழுந்தது என்பன வரலாற்று வினாக்களேயாம். நுவரெலியாவிலிருந்து 1853 இல் ஏட்டிலேறி, அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாது, 2004 இல் அழிந்தவற்றின் பட்டியலிற் சேர்க்கப்பெற்று, 2009 இற் சிவனொளிபாதமலைக் காட்டிலே உயிருடன் காணப்பட்ட ஒரு தவளையின் கதை இதனை நன்கு புலப்படுத்தும்.

அத்தவளையின் அறிவியற் பெயர் சூடோபிலவுட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் என்பது. ஸ்டெல்லா எனின் இலத்தீன் மொழியில் விண்மீன். மேனியிலே உடுக்கள் சிதறினாற்போன்ற புள்ளிகள் உடைமையால் இப்பெயர் வந்தது. தமிழில் இதற்கென வழக்கிலுள்ள பெயர் இன்மையின், இக்கட்டுரையில் இதனை விண்மீன் தவளை என்றே வழங்குவாம்.

தமிழருக்குத் தவளை புதியதன்று. தவளை, தேரை, நுணல், மண்டூகம் எனப் பெயர்கள் பல. நன்னூலார் சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் நிலைகளுள் ஒன்றைத் தவளைப் பாய்த்து என்றார். இடையிலுள்ளவற்றைத் தாண்டி ஒரு சூத்திரம் அப்பாலுள்ளதனோடு சென்று பொருந்துவது அது. 1853 இலிருந்து 2009 இற்குத் தாவும் இவ்வரலாற்றுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டிலத்திலே தவளைகளைப் பற்றிய பதிகம் ஒன்றுண்டு. மௌனவிரதம் காத்திருந்து பின்னர் ஓதத் தொடங்கும் அந்தணரோடு, மழை கண்டு குரலெழுப்பும் தவளைகளை அது ஒப்பிடுகின்றது. நம் பழமொழியோ, தன் வாயாலேயே தான் கெடுவதென நுணலைப் பழிக்கின்றது. இவையெல்லாம் குளத்தையும் வயலையும் சார்ந்த தாழ்நிலத் தவளையைக் கண்டோர் கூற்றுக்கள். உயர்மலைக் காட்டிலே வாழும் தவளையின் இயல்பு வேறு.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக நுரைக்கூடு கட்டும் மரத்தவளையைக் கண்டிப் பகுதியிலே சிறுவரும் அறிவர். அந்நுரையிலிருந்து வாற்பேய்கள் நீரில் விழுந்து, நீந்தி வளர்ந்து, பின்னரே தவளையாகின்றன. வயற்றவளைக்கும் நீரில் நீந்தும் வாற்பேய்ப் பருவம் உண்டு. விண்மீன் தவளை அடங்கும் புதர்த்தவளைச் சாதி இவ்வழக்கத்தை முற்றாகக் கைவிட்டுவிட்டது. இச்சாதியிற் பெரும்பாலானவை உக்கிய இலைகளின் கீழ் ஈரமண்ணிற் சிறு குழி தோண்டி முட்டையிடும். சில இலைகளின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கும். வாற்பேய்ப் பருவம் முட்டையினுள்ளேயே கழிய, நான்கு கால்களும் அமைந்த தவளைக்குஞ்சு நேரே வெளிவரும். ஆகவே இத்தவளைக்குக் குளமும் வேண்டியதில்லை, ஓடையும் வேண்டியதில்லை. ஆயின் முட்டை கிடக்கும் மண் ஒருநாளேனும் காய்ந்துவிடலாகாது. தோலாலும் மூச்சுவிடும் உயிராதலின் காற்றிலும் ஈரம் குன்றலாகாது. மலைமுகட்டின் மூடுபனியும், ஞாயிற்றொளியை மறைக்கும் மரக்கவிகையும், அடிநிலத்து இலைக்குப்பையும் ஒருங்கு சேர்ந்தே அதற்குக் குளமாகின்றன. மரங்களை வெட்டினால் நீர்நிலையை வற்றச்செய்தது போலாகும். இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டாலன்றி மேல்வரும் வரலாறு விளங்காது.

இச்சாதியில் ஏறத்தாழ 80 இனங்கள் ஈழத்திலே பெயர் பெற்றுள்ளன. இத்துணைச் சிறிய தீவில் இத்துணை இனங்கள் தோன்றியமைக்கு மலைகளே காரணம். வெப்பமும் வறட்சியும் மிக்க பள்ளத்தாக்குகளைக் கடக்கமாட்டாத தவளைகளுக்கு ஒவ்வொரு மலைத்தொடரும் கடல்சூழ்ந்த தீவு போன்றது. ஒரு தொடரில் உள்ளது மற்றொன்றில் இல்லை. ஒரே மலையிலும் 3,000 அடியில் வாழ்வது 6,000 அடியில் வாழ்வதில்லை. ஒரு மலைச்சாரலின் காடு போனால், வேறெங்கும் இல்லாத ஓரினம் அதனோடு போகக்கூடும்.

விண்மீன் தவளையை ஏட்டிலேற்றியவர் எட்வேட் பிரெடரிக் கெலாட் என்பவர். 1819 இல், ஐரோப்பிய வழிவந்த குடும்பத்தில், இந்நாட்டிலேயே பிறந்தவர் அவர். எடின்பரோவில் மருத்துவம் கற்றுப் படைமருத்துவராகி, சிறிதுகாலம் ஜிப்ரோல்ற்றரிற் கடமையாற்றினார்; அவ்விடத்துத் தாவரங்களைப் பற்றி 1846 இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1849 இல் இலங்கைக்கு மீண்டபின் அவர் செய்த வேலையின் அளவு வியப்புக்குரியது. பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன, தவளைகள் என ஈழத்து விலங்குகளை வகைப்படுத்தும் பெருமுயற்சியைத் தனியொருவராய் மேற்கொண்டு, அதன் முதற்பயனை 1852 இற் கொழும்பிலே நூலாக வெளியிட்டார். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் நூதனசாலையைப் பேணிவந்த எட்வேட் பிளைத்துக்கும் தாம் சேர்த்தவற்றுட் பலவற்றை அனுப்பிவைத்தார். பின்னர் அரசினரின் வேண்டுகோட்படி திருகோணமலையில் முத்துச்சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1860 இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலேயே, நாற்பதாவது வயதில், இறந்தார். பிறநாட்டார் வந்து நம் நாட்டை நமக்குக் காட்டினர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கெலாட்டைப் பொறுத்தவரை அக்கூற்று முழுமையாகப் பொருந்தாதென்பதை மாணவர் கவனிக்க வேண்டும்.

கெலாட் கண்ட நுவரெலியா இன்றைய நுவரெலியா அன்று. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1829 இல் அங்கே படைவீரருக்கான நலவிடுதியை நிறுவினார். அதன்பின் இருபது ஆண்டு கழிந்தும், ஒருசில வீடுகளும் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய பண்ணையும் தவிர, சுற்றிலும் காடும் புற்றரையுமே இருந்தன. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருவீதி கடுகண்ணாவைக் கணவாயை ஏறி எமது பிலிமத்தலாவையூடாகவே சென்றது. அவ்வீதியை வகுத்த கப்பித்தான் டோசனின் நினைவுக்கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. கண்டிக்கப்பால் கம்பளை, இறம்பொடை வழியாக ஏறவேண்டும். ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், பகலிலும் பனிமூடிய அக்காட்டிலிருந்து கிடைத்த ஒரு தவளையையே கெலாட் 1853 இல் விவரித்து, பொலிபெடேற்றிஸ் ஸ்டெல்லாட்டா எனப் பெயரிட்டார். ஈழத்துப் புதர்த்தவளைகளுள் முதன்முதல் அறிவியற் பெயர் பெற்றது இதுவே.

பெயரிட்ட காலத்தையும் நோக்குதல் வேண்டும். கண்டி அரசு 1815 இல் வீழ்ந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமைப்பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு பெற்ற காணி தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. காடு வெட்டிய முறையைப் பற்றி அக்காலத்தார் எழுதியவற்றைப் படித்தால் மனம் நடுங்கும். மலைச்சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதிவரை வெட்டி விட்டுவிட்டு மேலேறுவர். உச்சியிலே நிற்கும் பெருமரங்களை மட்டும் முழுவதும் வெட்டிச் சாய்க்க, அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை மேலும் கீழுள்ளவற்றைச் சாய்க்க, சாரல் முழுவதும் இடிமுழக்கத்தோடு ஒரே வீச்சிற் படுத்துவிடும். சில வாரம் காயவிட்டுப் பின்னர் தீ மூட்டுவர். இலைக்குப்பை, அதனுள் முட்டை, முட்டையினுட் குஞ்சு யாவும் அத்தீயிற் போயின.

இவ்வேலையைச் செய்தோர் யாவர்? தொடக்கக் காடுவெட்டலைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தமாக ஏற்றனர். நிலந்திருத்தல், கன்று நடுதல், களை பிடுங்குதல், பழம் பறித்தல் ஆகியவற்றுக்குத் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த தமிழரே அமர்த்தப்பட்டனர். வரும் வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் பலர். காட்டை அழித்த குற்றத்தை அதன் கூலியைக்கூட முழுமையாகப் பெறாதவர்மேற் சுமத்துதல் வரலாற்றுக்கு முரணாகும். அட்டை கடிக்க, பனியில் நனைந்து வேலை செய்தோரே மலைத்தவளைகளின் குரலை நாள்தோறும் கேட்டவர்கள். நூதனசாலைப் பட்டியல்களில் ஒரு மாதிரியை வழங்கிய துரையின் பெயர் இருக்கும். அதனைக் காட்டிற் பிடித்துக்கொடுத்தவன் பெயர் இருப்பது அருமை.

1870களின் இறுதியிற் கோப்பி நின்ற நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கர். 1869 இலே கோப்பியிலையிற் கண்ட துருநோய் அடுத்த பதினைந்தாண்டில் அப்பயிரை வீழ்த்தியது. சிலகாலம் சிங்கோனா நட்டனர். பின்னர் தேயிலை எங்கும் பரவியது. பொதுவரலாற்று நூல்கள் இம்மாற்றத்தைப் பொருளாதார மீட்சியாகவே கூறும். தவளையின் நோக்கில் அது பேரிடராயிற்று. கோப்பி 5,000 அடிக்கு மேல் நன்கு விளைவதில்லை. தேயிலையோ 6,000 அடிக்கு மேலும் செழிக்கும். கோப்பி தீண்டாது விட்ட மேற்காட்டைத் தேயிலை தீண்டியது. நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலை ஏறியது; பள்ளங்களில் மரக்கறித் தோட்டங்கள் வந்தன. கெலாட்டின் தவளை கிடைத்த ஊர் பட்டினமாயிற்று.

ஆயினும் முழுக்காடும் அழியவில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹுக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டலாகாது என 1873 இல் அறிவுரை கூறினார். அதனையொட்டி அவ்வுயரத்துக்கு மேற்பட்ட முடிக்குரிய காட்டை விற்பதை அரசினர் நிறுத்தினர். மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகள் அம்மலைகளிலேயே ஊற்றெடுக்கின்றன. மேற்காடு போனால் கீழே நெல்லுக்கும் தேயிலைக்கும் நீரில்லை. தவளையை எவரும் கருதினாரல்லர். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு 1940 இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய வனமாயிற்று. இவ்விரண்டும் தும்பறை மலைத்தொடராகிய நக்கிள்ஸ் காடும் ஒருங்கே 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. நீருக்காகவும், சைவர் சிவனடியென்றும் பௌத்தர் புத்தரடியென்றும் வணங்கும் பாதச்சுவட்டின் பெருமைக்காகவும் காக்கப்பட்ட காட்டிலே தவளையும் ஒதுங்கி வாழ்ந்தது என்பதே பின்னர் தெரியவந்த உண்மை.

இனி ஏட்டின் பக்கம் திரும்புவோம். விலங்கியலில் ஓர் இனத்துக்குப் பெயரிடுவோர், எதனைக் கண்டு பெயரிட்டனரோ அவ்வுடலைப் பேணிவைப்பது மரபு. அதனை மூலமாதிரி என்பர். பின்வருவோர் ஐயுற்றால் அதனோடு ஒப்பிட்டுத் தெளிவர். சாசனத்துக்கு மூலக்கல் எவ்வாறோ இனப்பெயருக்கு மூலமாதிரி அவ்வாறு. கெலாட்டின் விண்மீன் தவளைக்குரிய மூலமாதிரி தொலைந்துபோயிற்று. எஞ்சியவை ஓர் ஊர்ப்பெயரும் ஒரு சிறு விவரணமுமே. கெலாட்டின்பின் இலண்டனிலே பிரித்தானிய நூதனசாலையில் அல்பேட் குந்தரும், அவர்க்குப்பின் பௌலஞ்சரும் ஈழத்துத் தவளைகளைப் பற்றி எழுதினர். அவர்கள் போத்தலில் வந்த உடலைக் கண்டவர்கள், காட்டைக் கண்டவர்களல்லர். மதுசாரத்திலே நிறம் வெளுத்த சிறு தவளைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல் கடினமாதலின், பலவினங்கள் ஒரே பெயரின்கீழ் அடங்கின. இந்நாட்டவரான பேராசிரியர் கீர்த்திசிங்க 1957 இல் இலங்கையின் ஈருடகவாழிகளைப் பற்றி வெளியிட்ட நூல் நெடுங்காலம் கைந்நூலாக விளங்கியது. அதிலும் புதர்த்தவளையினங்கள் மிகச் சிலவே.

1990களிலே ரொஹான் பெத்தியாகொடவும் கெலும் மனமேந்திர ஆராச்சியும் காடுகாடாக இரவிற் சென்று தேடத் தொடங்கினர். இரவிற் குரல்கொண்டு தவளையை அடையாளங்காணும் முறை அவர்களுக்கு உதவிற்று. நுணலின் வாய் அதனைக் கெடுப்பதென்னும் பழமொழியை இங்கே மாற்றியமைக்கலாம், வாயில்லாவிடின் இவ்வினங்கள் பெயரின்றியே மறைந்திருக்கும். அவர்களோடு மாதவ மீகஸ்கும்புர முதலியோரும் சேர்ந்து 2002 இல் வெளியிட்ட குறுங்கட்டுரை, ஈழம் தவளையினங்கள் செறிந்த நாடு என்பதை உலகுக்கு அறிவித்தது. 2005 இல் முன்னிருவரும் ஒரே நூலில் 27 புதிய புதர்த்தவளையினங்களை விவரித்தனர். அவர்கள் ஐரோப்பிய நூதனசாலைகளிலிருந்த பழைய மாதிரிகளையும் எடுத்து, தாம் காட்டிற் கண்டவற்றோடு ஒப்பிட்டனர். அப்பொழுது துயரமான உண்மையொன்று வெளிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சேர்க்கப்பட்ட மாதிரிகளுட் பலவற்றுக்கு ஒத்த உயிர்த்தவளை எங்கும் அகப்படவில்லை. ஈரவலயத்துத் தொன்மழைக்காட்டில் இருபதிலொரு பங்கும் எஞ்சாத நாட்டில் இது எதிர்பாராததன்று. இயற்கைப் பாதுகாப்புக்கான உலக ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டுப் பட்டியலில் அழிந்தனவாகக் குறிக்கப்பட்ட உலகத் தவளையினங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை ஈழத்துக்குரியவையாயின. விண்மீன் தவளையும் அவற்றுள் ஒன்று.

ஐந்தாண்டு கழிந்தது. மென்டிஸ் விக்கிரமசிங்கவும் அவர் குழுவினரும் 2009 இற் சிவனொளிபாதமலைக் காட்டினுள், யாத்திரிகர் செல்லும் படிவழிகளுக்கு அப்பாற்பட்ட மேட்டுப்பகுதிகளில் ஆய்வு நடத்தியபொழுது, புள்ளிகள் பொலிந்த புதர்த்தவளையொன்றைக் கண்டனர். கெலாட்டின் விவரணத்தோடு அதனைப் பொருத்திப்பார்த்து, பிற இனங்களோடு மரபணு ஒப்பீடும் செய்து, விண்மீன் தவளை இதுவே என 2013 இல் வெளியிட்டனர். தொலைந்த மூலமாதிரிக்கு ஈடாகப் புதுமாதிரி ஒன்றும் குறிக்கப்பட்டது. குந்தர் 1876 இற் பெயரிட்டு, அழிந்ததெனக் கொள்ளப்பட்டிருந்த இன்னொரு புதர்த்தவளையும் அதே காட்டிற் கிடைத்தது. எண்வகைப் புதிய இனங்களும் அங்கிருந்து 2013 இல் விவரிக்கப்பட்டன.

கண்டியின் பெயரைத் தாங்கிய குறுந்தேரை ஒன்றின் கதை இதனினும் விசித்திரமானது. பூபோ கண்டியானஸ் என அதற்குக் குந்தர் 1872 இற் பெயரிட்டார். இப்பொழுது அது அடினோமஸ் சாதியில் வைக்கப்பட்டுள்ளது. விரைந்தோடும் மலையோடைகளே அதன் இருப்பிடம். அதன் வாற்பேய்கள் வாயினாற் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்பவை. இதுவும் 2004 இல் அழிந்ததெனப்பட்டு, 2009 இற் சிவனொளிபாதமலைக் காட்டிற் காணப்பட்டு, 2012 இல் உலகின் மிக அரிய தேரையென வெளியிடப்பட்டது. ஆயின் கதை அங்கு முடியவில்லை. அதே சாதியைச் சேர்ந்த அடினோமஸ் தாசி என்னும் இனம் 1998 இற் புதிதாகப் பெயரிடப்பட்டிருந்தது. உடலமைப்பையும் மரபணுவையும் மீள ஆராய்ந்த மீகஸ்கும்புரவும் பிறரும், தாசி எனப்பட்டதும் கண்டியானஸ் எனப்பட்டதும் ஒன்றே என 2015 இற் காட்டினர். அஃதாவது, பழைய பெயரில் அழிந்ததென அறிவிக்கப்பட்ட அவ்வேளையில், அத்தேரை புதிய பெயரில் நம் ஏடுகளிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது!

இங்கே வரலாற்று மாணவன் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஏடு மௌனமாயிருத்தல் வேறு, காடு மௌனமாயிருத்தல் வேறு. பிலிமத்தலாவைக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையை எடுத்துக்கொள்வோம். 1344 இல் அதனை அமைத்த தலைமைச் சிற்பி தென்னிந்தியராகிய கணேசுவராசாரியார் என்பது அங்குள்ள பாறைச் சாசனத்தால் விளங்குகின்றது. அச்சாசனம் வெட்டப்பட்டிராவிட்டால், தூண்களின் தோற்றம் கொண்டு தென்னாட்டுத் தொடர்பை ஊகித்திருப்போமேயன்றி அவர் பெயரை அறிந்திருக்கமாட்டோம். அதனால் அவர் வாழவில்லையென்று கொள்ளலாமோ? சான்றின்மையை இன்மைக்குச் சான்றாக்குதல் நம் துறையில் அடிக்கடி நேரும் வழு. விலங்கியலிலும் அது நேர்ந்ததையே இவ்விரண்டு உயிர்களின் கதையும் காட்டுகின்றது. எனினும் 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியோரைப் பழித்தல் நியாயமன்று. எங்கெங்கு தேடவேண்டுமோ அங்கெல்லாம் தேடுதற்கு எவரிடமும் ஆளுமில்லை, பொருளுமில்லை. அவர்கள் அழிந்தனவென்று பெயர் குறித்துச் சொன்னமையாலன்றோ, அடுத்து வந்தோர் இன்னதைத் தேடவேண்டும் என அறிந்தனர்.

கடலுக்கப்பாலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கின்றது. மேற்குத்தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் நம்முடையவற்றுக்கு நெருங்கிய உறவினம். அவையும் நீரில் நீந்தும் வாற்பேய்ப் பருவமின்றி வளர்பவை. குந்தர் 1876 இற் பெயரிட்ட பசுந்தவளையொன்று நூறாண்டுக்கு மேலாகக் காணாமலிருந்து, தமிழ்நாட்டின் தென்கோடியிற் களக்காடு முண்டந்துறைக் காட்டில் மீளக் கிடைத்தது. அது ஈற்றை மூங்கிலின் கணுவிடைத் துளையில் நுழைந்து உள்ளே முட்டையிடும் என்பதும் பின்னர் தெரியவந்தது. மூங்கிலுக்குட் குடும்பம் நடத்தும் உயிரை நூறாண்டாகக் காணாதது வியப்பன்று!

மீட்சியைக் கண்டு மகிழ்வதோடு அதன் அளவையும் நோக்கவேண்டும். விண்மீன் தவளை கிடைத்தது நுவரெலியாவிலன்று. கெலாட் குறித்த இடத்தில் அது இன்றும் காணப்படவில்லை. ஒரு சிற்றிடத்துக் காட்டில் மட்டும் அறியப்படுவதால், மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாகவே அது மதிப்பிடப்பட்டுள்ளது. சரணாலயம் என்ற பெயர் வேலியாகிவிடாது. மார்கழியிலிருந்து வைகாசி வரை இலட்சக்கணக்கானோர் மலையேறும் பருவத்தில் எஞ்சும் பொலித்தீனும் கழிவும் ஓடைகளிற் சேர்கின்றன. எல்லைத் தோட்டங்களிலிருந்து பூச்சிமருந்து காற்றோடு வருகின்றது. அழிந்தவை எனக் குறிக்கப்பட்ட மற்றைப் புதர்த்தவளைகளுட் பெரும்பாலானவை இன்னும் மீளவில்லை. அவற்றுட் சில எங்கோ ஒரு சாரலில் ஒளிந்திருக்கலாம். பல உண்மையிலேயே கோப்பிக்காலத்துத் தீயில் முடிந்திருக்கும்.

காடு முழுதும் வேண்டும் என்பதில்லை, ஒரு துண்டு எஞ்சினாலும் பயனுண்டு என்பதற்கு எமது கண்டி மாவட்டத்திலேயே சான்றுண்டு. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டத்தை ஆசிரியர் யாவரும் வகுப்பிற் கூறுவர். மலைநாட்டுக் காட்டின் நிலையை மாற்றிய பயிர் வணிகமுறையிலே தொடங்கிய இடம் அது. அங்கே எஞ்சிநின்ற காட்டுத்துண்டொன்றில் விக்கிரமசிங்க குழுவினர் ஒரு புதர்த்தவளையைக் கண்டு, எங்கும் முன்னர் விவரிக்கப்படாத இனமெனத் தெளிந்து, 2015 இல் அதனை வெளியிட்டனர். அவ்வாய்வுக்கு உதவியது ஒரு தேயிலை நிறுவனத்தின் இயற்கைப் பாதுகாப்புப் பிரிவு; ஆதலின் அத்தவளைக்கு இடப்பட்ட பெயர் சூடோபிலவுட்டஸ் டில்மா.